விருந்தினர் ஏன் சிரித்தார்கள்? ‘ஃப்ரீஸான்’ பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: சார், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீடு ரொம்ப நாளாகப் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் சொன்னதால் முகப்பையும் முதல் வளவையும் (முற்றம் உள்ள கட்டு) பழுதுபார்த்து, மாடி அறைகளை வெளியூர், வெளிநாட்டு விருந்தினர்களுக்கு விடுகிறோம். அறையில் வைக்கவும் இணையத்தில் போடவும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு நானே எழுதினேன். அந்தக் காலத்து பி.ஏ. ஆங்கிலம்தான். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் அதைப் பார்த்துவிட்டு, “அயித்தை, எக்ஸைட்மென்ட்னு மட்டும் போட்டா சப்புன்னு இருக்கு. ‘ஃப்ரீஸான் ஆஃப் எக்ஸைட்மென்ட்’னு போடுங்க, கெத்தா இருக்கும்” என்றான். அகராதியில் பார்த்தேன். திடீரென்று உண்டாகும் கிளர்ச்சி என்ற பொருளில் இருந்தது. பிடித்துப்போய் நாலு இடத்தில் போட்டேன். போன மாதம் தங்கிய இங்கிலாந்துத் தம்பதி அதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டால் “லவ்லி, லவ்லி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே தப்பு? அந்தச் சொல்லையே எடுத்துவிடட்டுமா? எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, சொல்லை எடுக்க வேண்டாம். நாலு இடத்தில் மூன்றை அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தம்பதி ஏன் சிரித்தார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். உங்களுக்கு உறுத்திக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

உங்கள் குறிப்பில் இரண்டாவது பத்தியில் இப்படி இருக்கிறது: “தி ஃப்ரீஸான் பிட்வீன் அவர் ஃபேமிலி அண்ட் அவர் கெஸ்ட்ஸ் கன்டின்யூஸ் டில் யூ லீவ்.” விருந்தினர்மேல் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் உற்சாகம் நீங்கள் கிளம்பும்வரை குறையாது என்று நீங்கள் நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீஸான்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பிட்வீன்’ வந்து, அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்றுவிட்டால், படிக்கிறவர்களுக்கு வேறு அர்த்தம் தோன்றும். ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில், வெளியே சொல்லாத ஒரு ஈர்ப்பு ஓடுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் குடும்பத்துக்கும் வந்து தங்குகிறவர்களுக்கும் இடையில் அப்படி ஏதோ ஒன்று, அதுவும் அறையைக் காலி செய்யும்வரை நீடிக்கிறது என்று எழுதிவைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கேலிச் சிரிப்பாக இருந்திருக்காது. நம் ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் கொச்சைத் தமிழில் ஏதோ சொல்லப்போய் அர்த்தம் மாறிவிட்டால் நாம் எப்படிச் சிரிப்போமோ அப்படித்தான். அந்த வாக்கியத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘வெல்கம்’, ‘வார்ம்த்’ என்ற பழைய சொற்கள் போதும். இல்லையென்றால் உபசரிப்பைச் சொல்லவே வேண்டாம். வந்து உட்கார்ந்ததும் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் வந்துவிடும் என்று எழுதினால் அதிலேயே எல்லாம் வந்துவிடும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

எஃப், ஆர், ஐ, இரண்டு எஸ், ஓ, என். பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 1777-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டாலும், பரவலாகப் புழங்க ஆரம்பித்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். மூலம் தேடிப் போனால் குளிரைக் குறிக்கும் ஒரு லத்தீன் வினையில் போய் நிற்கும். பிரெஞ்சில் இன்றைக்கும் காய்ச்சல் வரும்போது ஏற்படும் குளிர்நடுக்கத்துக்கு இதே சொல்தான். இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது மனசுக்குள் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, உடம்பில் நடக்கிற விஷயம். முதுகுத்தண்டில் சில்லென்று ஒன்று ஓடும், கையில் மயிர் சிலிர்க்கும், அடுத்த விநாடி போய்விடும். அந்த விநாடிக்குத்தான் இந்தப் பெயர். பாட்டில் ஒரு இடம் வரும்போது சிலருக்கு உடம்பு சிலிர்க்கிறதே, அதை ஆராய்கிறவர்களும் தங்கள் கட்டுரைகளில் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

உச்சரிப்பு கேட்டால், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஃப்ரீ’யை அழுத்தி ‘ஃப்ரீஸான்’ என்பார்கள். அமெரிக்கர்கள் பின்பாதியை அழுத்தி ‘ஃப்ரீஸோன்’ என்பார்கள். இரண்டும் சரி. ‘ஃப்ரிஷன்’ மட்டும் வேண்டாம். வெளிநாட்டுச் சொல்லாயிற்றே, சாய்வெழுத்தில் போட வேண்டுமா என்றால் தேவையில்லை. ஆங்கில அகராதிக்குள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

இந்த விளக்கத்திலேயே உங்கள் முதல் வாக்கியத்தில் இருக்கும் கோளாறுகள் தெரிந்திருக்கும். “என்டரிங் அவர் வளவு, யூ வில் ஃப்ரீஸான் வித் சடன் எக்ஸைட்மென்ட்.” இதில் மூன்று சங்கதி. ஒன்று, ‘ஃப்ரீஸான்’ பெயர்ச்சொல். அதை வினையாக்கி ‘யூ வில் ஃப்ரீஸான்’ என்று எழுத முடியாது. இங்கே இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வேகமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு ‘யூ வில் ஃப்ரீஸ்’ என்று தெரியும். ஏப்ரல் மாதம் கானாடுகாத்தானில் விறைத்துப்போவீர்கள் என்றால் யார் நம்புவார்கள்? இரண்டு, ‘சடன்’ வேண்டவே வேண்டாம். திடீர் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது சங்கதி பெரியது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எப்படி எழுதினால் சரி என்றால், முன்னால் ‘எ’ சேர்த்து ‘எ ஃப்ரீஸான்’. அப்புறம் ‘ஆஃப்’ போட்டு, எந்த உணர்ச்சி என்று சொல்ல வேண்டும். ‘எ ஃப்ரீஸான் ஆஃப் எக்ஸைட்மென்ட்’, ‘எ ஃப்ரீஸான் ஆஃப் ஃபியர்’, ‘எ ஃப்ரீஸான் ஆஃப் டிலைட்’. பயத்துக்கும் இதுதான், சந்தோஷத்துக்கும் இதுதான். அதனால்தான் ‘ஆஃப் எக்ஸைட்மென்ட்’ என்று சேர்ப்பதைக் கூறியது கூறல் என்று நான் சொல்ல மாட்டேன். சில கறாரான எடிட்டர்கள் சொல்லுவார்கள், விட்டுவிடுங்கள். இதோடு சேரும் வினைகள் கொஞ்சம்தான். ஒருவர் அதை ‘ஃபீல்’ பண்ணலாம், ஒரு காட்சி அதை ‘கிவ்’ பண்ணலாம், ஒரு செய்தி அதைக் கூட்டத்துக்குள் ‘ஸென்ட்’ பண்ணலாம், அது ஒருவர் உடம்பில் ‘ரன் த்ரூ’ ஆகலாம். ‘மேக் எ ஃப்ரீஸான்’, ‘டூ எ ஃப்ரீஸான்’ எல்லாம் கிடையாது. முன்னால் அடைமொழி போட வேண்டுமென்றால் ‘லிட்டில்’, ‘ஸ்மால்’, ‘டெலிஷஸ்’ மாதிரிச் சின்னச் சொற்களைப் பாருங்கள். ‘ஹ்யூஜ் ஃப்ரீஸான்’ என்று எழுதினால் ஒட்டாது. ஒரு விநாடிச் சிலிர்ப்பு எப்படிப் பிரம்மாண்டமாக இருக்கும்? அதே காரணத்தால் ‘கன்டின்யூஸ்’, ‘லாஸ்ட்ஸ் ஃபார் த்ரீ டேஸ்’ போன்றவையும் இதோடு வராது.

இப்போது அந்த மூன்றாவது சங்கதி. ‘யூ வில்’ என்று ஆரம்பித்து, படிக்கிறவருக்கு என்ன உணர்ச்சி வரும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறீர்கள். சுற்றுலாக் குறிப்புகளில் நான் அதிகம் அடிக்கிற வாக்கியம் இதுதான். ‘யூ வில் பி அமேஸ்ட்’, ‘யூ வில் பி ஸ்பெல்பவுண்ட்’. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போனதும் உங்களுக்குச் சிலிர்க்கும், சிலிர்க்காவிட்டால் சும்மா விடமாட்டேன் என்று சொல்கிற மாதிரி இருக்கும். சிலிர்ப்பு பட்டவர் சொல்ல வேண்டியது. உங்கள் விருந்தினர் யாராவது கருத்துப் புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைத் தாராளமாக எடுத்துப் போடுங்கள். ஆனால் அவர்கள் எழுதாததை நீங்களே எழுதி, மேற்கோள் குறி போட்டு, கீழே ‘எ கெஸ்ட் ஃப்ரம் லண்டன்’ என்று போடாதீர்கள். அண்ணன் மகன் அடுத்து அந்த யோசனையோடு வருவார் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் வீட்டுக்காரர் என்னதான் எழுதுவது? சிலிர்ப்பு எதனால் வருகிறதோ அதை எழுதுவது. கானாடுகாத்தான் வீட்டுக்குள் நுழைகிறவருக்கு எது அப்படிச் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று உங்கள் குறிப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் விருந்தினருக்கு அறை விடும் வீடுகள் எல்லாமே அதே பட்டியலைத்தான் போடுகின்றன. பட்டியலைப் படித்து யாருக்கும் சிலிர்த்ததில்லை.

உங்கள் வீட்டு நிலைவாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெயிலில் வந்தவர் திண்ணையைத் தாண்டி, தலையை லேசாகக் குனிந்து உள்ளே கால் வைக்கிறார். கண் இருட்டுக்குப் பழக ஒரு நொடி ஆகிறது. அப்புறம்தான் தெரிகிறது, எதிரே இன்னொரு வாசல், அதற்குள் வளவில் கொட்டுகிற வெளிச்சம், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு வாசல், அதற்கும் அப்பால் பின்தெருப் பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம். ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு, ஒரே கோட்டில் வாசல் வாசலாகத் திறந்து கிடக்கிறது. இதுவரை திண்ணையையும் சுவரையும் மட்டும் பார்த்தவருக்கு வீட்டின் முழு நீளமும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. இதை எழுதுங்கள். சிலிர்ப்பு என்ற சொல் இல்லாமலே அவருக்குச் சிலிர்க்கும்.

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் போதும்: “ஸ்டெப் இன் அவுட் ஆஃப் தி சன் அண்ட் வெயிட் எ மொமென்ட். தென் யூ ஸீ ரைட் த்ரூ தி ஹவுஸ், டோர்வே பியாண்ட் டோர்வே, டு எ ஸ்மால் ஸ்கொயர் ஆஃப் லைட் அட் தி ஃபார் எண்ட்.” இதில் ‘எக்ஸைட்மென்ட்’ இல்லை, ‘அமேஸிங்’ இல்லை, ‘வெரி’கூட இல்லை. ‘வளவு’ என்ற சொல்லை அடுத்த வாக்கியத்தில் கொண்டுவந்து, நாலு பக்கமும் தாழ்வாரம் ஓட நடுவில் வானம் தெரியும் முற்றம் என்று ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும். ‘கோர்ட்யார்ட்’ என்பதை அவர்கள் எத்தனையோ ஊரில் கேட்டிருப்பார்கள்.

வைத்துக்கொள்ளச் சொன்ன ஒன்று எது என்றால், தரைக்குப் போடும் பூக்கல் செய்கிற ஆத்தங்குடி பற்றிய பத்தியில் இருப்பது. “ஸீ தி டைல் மேக்கிங் அண்ட் கெட் ஃப்ரீஸான்” என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்கியம் சரியில்லை, ஆனால் இடம் சரியான இடம். ஏனென்று சொல்கிறேன்.

ஆத்தங்குடிப் பட்டறையில் கல் போடுகிறவர் முதலில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார். அதன்மேல் பூவோ கொடியோ அச்சாக வைத்து, குழம்புப் பதத்தில் கரைத்த சிமெண்ட் வண்ணங்களை அதன் கட்டங்களுக்குள் ஊற்றுகிறார். மஞ்சள் ஒரு கட்டம், சிவப்பு ஒரு கட்டம், பச்சை ஒரு கட்டம். அச்சை அப்படியே மேலே தூக்கினால் வண்ணங்கள் லேசாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதன்மேல் மணலும் சிமெண்டும் உலர்ந்த கலவையாகத் தூவி, பிறகு ஈரக்கலவை போட்டு, கரண்டியால் அழுத்திச் சமன் செய்துவிடுகிறார். இப்போது பார்க்கிறவருக்குத் தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டும்தான். பூ எல்லாம் அடியில், கண்ணாடிப் பக்கம் போய்விட்டது. கல் இறுகி, தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகுதான் கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். சூளை கிடையாது, மெருகு போடும் இயந்திரம் கிடையாது. கண்ணாடி விலகும்போதுதான் அதற்கு அடியிலிருந்து பூ பளபளவென்று வெளியே வருகிறது. அந்தப் பளபளப்பே கண்ணாடியிடமிருந்து வாங்கியதுதான்.

அந்த விலகும் விநாடி இருக்கிறதே, ‘ஃப்ரீஸான்’ என்ற சொல் அதற்காகவே செய்தது போல இருக்கும். சின்னது, திடீரென்று வருவது, மறைந்திருந்த ஒன்று வெளிப்படுவது, உடனே முடிந்துவிடுவது. ஆகவே இப்படி மாற்றுங்கள்: “தேர் இஸ் எ ஸ்மால் ஃப்ரீஸான் ஆஃப் எக்ஸைட்மென்ட் ஈச் டைம் தி க்ளாஸ் கம்ஸ் அவே.” ‘யூ வில்’ போய் ‘தேர் இஸ்’ வந்துவிட்டதைக் கவனியுங்கள். யாருக்கு என்று சொல்லவில்லை. விருந்தினருக்கோ, பக்கத்தில் நிற்கும் உங்களுக்கோ, யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கட்டளையும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. இதற்கு முன்னால் இரண்டு வாக்கியத்தில் சாம்பல் முதுகையும் கண்ணாடியையும் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். காரணம் முன்னால் வந்தால்தான் சொல் நிற்கும். வெறுமனே ‘ஃப்ரீஸான்’ என்று போட்டால் அண்ணன் மகன் சொன்ன கெத்து மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு குறிப்பில் ஒரு தடவை என்று நான் சொல்வதும் இதனால்தான். இந்தச் சொல் கல்பாசி மாதிரி. ஒரு துண்டு போட்டால் வீடே மணக்கும், கைநிறைய அள்ளிப் போட்டால் குழம்பு கசக்கும். எழுத்தில் புத்தக மதிப்புரை, சினிமா விமர்சனம், கதை, பயணக் கட்டுரை இவற்றில் இயல்பாக வரும். வேலைக்கு எழுதும் கடிதத்திலோ, வங்கிக்கு எழுதும் விண்ணப்பத்திலோ வந்தால் பட்டு உடுத்திக்கொண்டு நிற்கிற மாதிரி தெரியும். பேச்சில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் உங்களிடம் பேசும்போது ‘ஐ காட் கூஸ்பம்ப்ஸ்’ என்பாரே தவிர ‘ஐ எக்ஸ்பீரியன்ஸ்ட் எ ஃப்ரீஸான்’ என்று சொல்வது அபூர்வம்.

பிள்ளையார்பட்டி பற்றிய வாக்கியத்திலிருந்து இதை எடுத்துவிடுங்கள். ‘கிவ்ஸ் டிவைன் ஃப்ரீஸான்’ என்று இருக்கிறது. இலக்கணத்தை விடுங்கள், ‘எ’ சேர்த்தால் சரியாகிவிடும். பிரச்சினை வாசனையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் கொஞ்சம் குறும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். செய்யக்கூடாததைச் செய்யும்போது வரும் கிளுகிளுப்பு, பேய்க்கதை கேட்கும்போது வரும் இன்பமான பயம், அந்த மாதிரி இடங்களில் புழங்கிப் புழங்கி வந்த வாசனை. மலையைக் குடைந்த கோயிலில், பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகருக்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது நமக்கு வருவது அது இல்லை. அங்கே ‘ஆவ்’ (ஏ, டபிள்யூ, ஈ), பயபக்தி கலந்த வியப்பு, அந்த மூன்றெழுத்துச் சொல் போதும். அல்லது குடைவரை, பாறை, விளக்கு இந்த மூன்றையும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

உங்கள் குறிப்பின் கடைசிப் பத்தியில் தை மாதம் வருகிறவர்களுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். அங்கே ‘எக்ஸைட்மென்ட்’ என்று மட்டும் வெறுமனே நிற்கிறது. அங்கேதான் வேறு சொற்களுக்கு வேலை இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எக்ஸைட்மென்ட் என்றாலே ஃப்ரீஸான் என்று ஆகிவிடக் கூடாதில்லையா?

தை மூன்றாம் நாள் காலையில் பொட்டலில் ஜனம் சேரச் சேர ஒரு இரைச்சல் எழும்புமே, யார் மாடு, எந்த ஊர் மாடு, போன வருஷம் என்ன ஆயிற்று என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டு, எல்லோரும் தொழுவையே பார்த்துக்கொண்டு. அதற்கு ‘எ பஸ் ஆஃப் எக்ஸைட்மென்ட்’. ஏறிப் போகிற பஸ் இல்லை; பி, யூ, இரண்டு இசட். தேனீ இரைகிற சத்தம் சொல்லிலேயே இருக்கிறது. அது நீடிக்கும், கூட்டத்துக்கு உரியது. திடீரென்று எங்கோ ஒரு மூலையில் ‘அவுத்தாச்சு, அவுத்தாச்சு’ என்று குரல் வந்து, ஆட்கள் அங்கும் இங்கும் ஓடி, துண்டை இறுக்கிக் கட்டி, பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்து, அப்புறம் ஒன்றும் இல்லை என்று அடங்கும்போது அது ‘எ ஃப்ளரி ஆஃப் எக்ஸைட்மென்ட்’. இது கைகாலில் தெரிகிற பரபரப்பு. கொஞ்ச நேரம் இருக்கும், பலர் சேர்ந்து செய்வது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக் கார் தெருமுனைக்கு வந்துவிட்டது என்றதும் முகப்பில் நடப்பதும் இதுதான். மாடு நிஜமாகவே திமிலை ஆட்டிக்கொண்டு உங்களை நோக்கி நாலு அடி எடுத்து வைத்துவிட்டால் ரத்தம் தலைக்கு ஏறுமே, அது ‘எ ரஷ் ஆஃப் எக்ஸைட்மென்ட்’. ஃப்ரீஸானைவிட வலுவானது, கொஞ்சம் நிற்கும், உள்ளங்கை வியர்க்கும். தொழுவுக்கு உள்ளே மாட்டை அவிழ்க்கப் போகும் சொந்தக்காரருக்கு வயிற்றைப் பிசையுமே, அது ‘பட்டர்ஃப்ளைஸ் இன் ஹிஸ் ஸ்டமக்’. அது நடக்கப்போவதை நினைத்து வருவது, பாதி பயம்.

அப்போது மஞ்சுவிரட்டில் ஃப்ரீஸானுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. இரைச்சல் எல்லாம் சட்டென்று நின்று, தொழுவின் வாய் திறந்து, முதல் மாடு இன்னும் வெளியே வராத அந்த ஒரு கணம். “எ ஃப்ரீஸான் ரன்ஸ் த்ரூ தி க்ரவுட்” என்று எழுதலாம். ஆனால் அதை ஆத்தங்குடிக்குச் செலவழித்துவிட்டோம். ஆகவே மஞ்சுவிரட்டுக்கு ‘பஸ்’ போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே, தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டு விருந்தினர் கேமராவும் கையுமாகப் பொட்டலுக்குள் இறங்கிவிடக் கூடாது.

கடைசி வரி: “வீ ஆர் வெரி மச் எக்ஸைட்டிங் டு வெல்கம் யூ.” ‘எக்ஸைட்டிங்’ என்றால் பார்க்கிறவருக்கு உற்சாகம் ஊட்டுவது, ‘எக்ஸைட்டட்’ என்றால் உற்சாகம் அடைந்திருப்பது. நாங்கள் ரொம்பக் கவர்ச்சியானவர்கள் என்று நீங்களே உங்களைச் சொல்லிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது பத்தியின் ‘பிட்வீன்’ ஏற்கெனவே கிளப்பிவிட்ட சந்தேகத்துக்கு இது தூபம் போட்டிருக்கும். ‘வீ லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ’ என்று போட்டுவிடுங்கள். விருந்தோம்பலுக்கு ‘எக்ஸைட்டட்’ அவ்வளவு தேவையில்லை. அது பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகள் சொல்.

மொழிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் விடமுடியவில்லை. மேலே தலைப்பிலேயே ‘யுனெஸ்கோ வேர்ல்ட் ஹெரிடேஜ் வில்லேஜ்’ என்று போட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான் இடம்பெற்றன. அது பரிந்துரைக்குப் பரிசீலிக்கும் பட்டியல், உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அறிவிப்பு இல்லை. ‘ஆன் யுனெஸ்கோஸ் டென்டேட்டிவ் லிஸ்ட்’ என்று எழுதுங்கள். விவரம் தெரிந்து வருகிறவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் முதலில் பிடிப்பார்கள். இது தப்பு என்றால் முட்டை வெள்ளைக்கருச் சுண்ணாம்புப் பூச்சு பற்றி நீங்கள் எழுதியிருக்கும் உண்மையையும் சந்தேகப்படுவார்கள்.

அண்ணன் மகனைக் கோபிக்க வேண்டாம். நல்ல சொல்தான் கொடுத்தார், எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

திருத்திய குறிப்பைக் காரைக்குடியில் அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். டி.டி.பி. போடுகிற தம்பியின் கம்ப்யூட்டர் இந்தச் சொல்லைப் பிழை என்று நினைத்து ‘ஃப்ரிக்ஷன்’ என்றோ ‘ஃபிஷன்’ என்றோ தானாகவே மாற்றிவிடக்கூடும். முன்னது உராய்வு, பின்னது அணுவைப் பிளப்பது. ப்ரூஃபைக் கையில் வாங்கி, அந்த ஒரு சொல்லில் மட்டும் எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஐந்நூறு பிரதி அடிக்கச் சொல்லுங்கள்.